ஆளும் கருவியும்: வீட்டுக் கழிவுக்குழாய் அடைப்பு குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

'தோட்டி' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். குறளில் வருகிற தோட்டி யானையை அடக்கும் அங்குசம். அதாவது ஒரு கருவி. முனையில் கொக்கி வைத்த நீண்ட கழிக்கும் அந்தப் பெயர் உண்டு. பிற்காலத்துத் தோட்டியோ ஒரு மனிதர். அடுத்தவர் மலத்தை அள்ளுவதற்கென்றே பிறந்ததாகச் சாதியச் சமூகம் முத்திரை குத்திய மனிதர். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று வாதாட நான் வரவில்லை. கருவிக்கும் மனிதருக்கும் ஒரே ஒலியைப் பெயராக வைத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்காகப் புழங்கியும் இந்த மொழிச் சமூகத்துக்கு எந்தச் சங்கடமும் வரவில்லையே, அதைத்தான் இங்கே பேச வேண்டும்.

கழிவுநீர்ப் பாதைக்கு நம்மிடம் சொற்கள் நிறையவே உண்டு. தூம்பு, சுருங்கை, அங்கணம், சாக்கடை, வாய்க்கால் என்று அடுக்கலாம். சிலப்பதிகாரத்து மதுரையில் சுருங்கை இருக்கிறது. கீழடி அகழாய்வில் சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் வடிகால்களும் வெளிப்பட்டன. மொகஞ்சதாரோவின் செங்கல் சாக்கடைகளுக்குத் தூக்கி எடுக்கக்கூடிய மூடிகள் இருந்தன. நகர நாகரிகம் என்று மார்தட்டிக்கொள்வதற்கு இவற்றைத்தான் எடுத்துக்காட்டுகிறோம். சரி, மூடியைத் தூக்கியது யாரு? உள்ளே கைவிட்டது யாரு? எந்தக் கழியால் குத்தினார்கள்? வடிகாலைப் பெருமையோடு எழுதுகிற வரலாறு, வடிகாலைத் திறந்துவிட்டவரைப் பற்றிப் பேசுவதேயில்லை. பாதைக்கு இத்தனை சொல் வைத்திருக்கிற மொழியில் அடைப்பெடுக்கும் கருவிக்கென்று ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு சொல் இல்லை. கடைக்காரரிடம் போய் "அந்த நீளமா சுருட்டி வச்சிருப்பீங்களே, ஸ்பிரிங்கு" என்று கையால் காட்டித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கோட்டைப்பட்டினம் மாதிரி ஒரு கடற்கரை ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: நம் வரலாற்றில் கழிவுக்குழாயைத் திறக்கும் கருவி வளராமல் போனதற்கு அறிவு இல்லாமை காரணமல்ல; காசு இல்லாமை மட்டுமேகூடக் காரணமல்ல. கருவி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மனித உடலை நிறுத்தி வைத்திருந்தோம். ஆகவே அந்தக் கருவியை வீட்டுக்காரர் தன் கையில் எடுப்பது வெறும் வீட்டுப் பராமரிப்பு விஷயமாக இருக்க முடியாது. அதே சமயம், அது மட்டுமே போதும் என்று நினைப்பதும் ஏமாற்று.

2

கருவி வளர்ந்த இடங்களின் கதையை முதலில் பார்த்துவிடலாம்.

லண்டனிலும் ஒரு காலத்தில் மலக்குழிகளை மனிதர்கள்தான் அள்ளினார்கள். இரவில் அள்ளி வண்டியில் கொண்டுபோனார்கள். கேவலமான வேலை என்றுதான் அங்கேயும் பார்க்கப்பட்டது. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் நீர்க்கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய ஏற்பாட்டில் முக்கியமானது குழாயின் வளைவு. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கீழேயிருந்து வரும் நாற்றக்காற்றை அது தடுத்துவிடும். இன்று நம் வீட்டுக் கழிப்பறைப் பீங்கானுக்கு அடியில் இருப்பதும் அதே தத்துவம்தான். அடைப்பு முதலில் பிடிப்பதும் அந்த வளைவில்தான்.

1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகுதான் லண்டனுக்குப் பெரும் பாதாளச் சாக்கடை கட்டுவதற்குப் பணம் ஒதுக்கினார்கள். பஸல்ஜெட் என்ற பொறியாளர் கட்டினார். ஆள்கிறவர்களின் மூக்குக்கு எட்டினால்தான் சீர்திருத்தம் வரும் என்பது நமக்கும் தெரிந்த சங்கதி. குழாய் வந்ததும் அடைப்பும் வந்தது. 1874-இல் அமெரிக்காவில் ஜான் ஹாலி என்பவர், கைப்பிடியில் மாட்டிய ரப்பர் கிண்ணத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அழுத்தி இழுத்தால் குழாய்க்குள் இருக்கிற தண்ணீரே சம்மட்டி மாதிரி வேலை செய்யும். நம் கடைகளில் தொங்குகிற அதே ரப்பர் கப்புதான்.

1933-இல் அயோவா மாநிலத்தில் சாமுவேல் பிளாங்க் என்பவர் மகன் வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டதற்காக ஓர் எந்திரம் செய்தார். சலவை எந்திரத்தின் மோட்டார், உருளைச் சறுக்குக் காலணியின் சக்கரங்கள், எஃகுக் கம்பிவடம், முனையில் வேரை அறுக்கும் அலகு. வீட்டில் கிடந்த சாமான்களை வைத்தே செய்தது. பெருமந்தக் காலம் அது. வேலையிழந்தவர்கள் 250 டாலர் கொடுத்து அந்த எந்திரத்தை வாங்கி அதையே பிழைப்பாக்கிக்கொண்டார்கள். ரோட்டோ ரூட்டர் என்ற பெரிய நிறுவனம் அப்படித்தான் உருவானது. அடைப்பெடுப்பவர் அங்கே ஒரு எந்திரத்தின் சொந்தக்காரர். வண்டி வைத்திருந்தார், பெயர்ப்பலகை வைத்திருந்தார், கூலியை அவரே சொன்னார். கையால் சுற்றுகிற சின்னச் சுருள்கம்பியோ வீட்டுக் கருவிப்பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

அங்கே வளர்ந்தது, இங்கே ஏன் வளரவில்லை? மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் எந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு விஷயத்தைக் காட்டுகிறார். அமெரிக்காவில் கல்லுடைக்கும் எந்திரம் கண்டுபிடித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் அதைப் பயன்படுத்தவில்லை. காரணம், கல்லுடைக்கும் ஏழைக்குக் கொடுக்கிற கூலி அவ்வளவு குறைவு. கால்வாய்ப் படகை இழுக்கக் குதிரைக்குப் பதில் பெண்களைப் பயன்படுத்தியதும் இதே கணக்கில்தான். மனிதர் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் எந்திரம் நுழையாது.

இந்த விளக்கம் நமக்குப் பாதிதூரம் உதவும். பாதிதூரம்தான். கல்லுடைக்கிற எந்திரம் மலிவாகிவிட்டால் இங்கிலாந்து முதலாளி அதை வாங்கிவிடுவான். நம் ஊர்க் கடையிலோ சுருள்கம்பி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு தடவை ஆள் கூப்பிடுகிற செலவோடு பெரிய வித்தியாசமில்லை. இருந்தும் வீட்டுக்காரர் வாங்குவதில்லை. விலைக் கணக்கு இந்த இடத்தில் நின்றுபோகிறது. இதற்கு மேல் தொடுதலின் கணக்கு தொடங்குகிறது.

3

சாதி வேலைகளைப் பங்குபோடும் ஏற்பாடு மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே தனித்தனி அறைகளில் அடைத்துவைக்கும் ஏற்பாடு என்று 1936-இல் அம்பேத்கர் வாதிட்டார். அவர் பிறகு எடுத்துக்காட்டிய சட்டப் பிரிவுகள் நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானவை. 1911-ஆம் ஆண்டின் பஞ்சாப் நகராட்சிச் சட்டத்திலும் 1916-ஆம் ஆண்டின் ஐக்கிய மாகாண நகராட்சிச் சட்டத்திலும் 'வழக்கப்படியான துப்புரவாளர்' என்றொரு ஆள் வருகிறார். ஒரு குறிப்பிட்ட வீட்டின் கழிவை எடுப்பது அவருடைய 'வழக்க உரிமை'. எடுக்கத் தவறினால் வீட்டுக்காரர் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். 10 ரூபாய் வரை அபராதம். உரிமை என்று பெயர் சூட்டி, அதைச் செய்யாவிட்டால் தண்டனை என்று எழுதிவைத்தது வெள்ளைக்காரச் சட்டம். இவை நம் மாகாணத்துச் சட்டங்களல்ல. ஆனாலும் பழைய வழக்கமும் நவீன நகராட்சியும் எப்படிக் கைகோத்துக்கொண்டன என்பதை இவ்வளவு பச்சையாக வேறெங்கும் பார்க்க முடியாது. நகராட்சி என்ற நவீன அமைப்பு வந்தபோது கருவி வரவில்லை. சாதிதான் சம்பளப் பட்டியலில் ஏறியது.

காந்தி 1901-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனபோது, அங்கிருந்த கழிப்பறையின் நிலையைப் பார்த்துவிட்டு ஒரு விளக்குமாறு வாங்கித் தானே சுத்தம் செய்தார். அன்றைய காங்கிரஸ்காரர்கள் மத்தியில் அது பெரிய காரியம்தான். பிற்பாடு அவர் அந்த வேலையைப் புனிதமான சேவையாக்கிப் பேசியதைத்தான் அம்பேத்கர் கடுமையாக எதிர்த்தார். ஒருவரைக் கட்டாயப்படுத்திச் செய்யவைத்த வேலையைப் புனிதம் என்று பாராட்டினால், அதைவிட்டு வெளியேறும் கதவை அடைத்ததாகத்தான் ஆகும். நான் இங்கே பேசுகிற 'நாமே செய்வது' பிராயச்சித்தமல்ல, தியாகமுமல்ல. பல் துலக்குவதை யாரும் தியாகம் என்று சொல்வதில்லையே.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' 1947-இல் மலையாளத்தில் வந்தது. சுந்தர ராமசாமி தமிழாக்கினார். ஆலப்புழை நகரத்து மலத்தை அள்ளுகிற அந்த நாவலின் மனிதர்கள் யார்? தமிழர்கள். இசக்கிமுத்து, சுடலைமுத்து என்று பெயருள்ளவர்கள். தகப்பனிடமிருந்து மகனுக்கு வேலை கைமாறுவதில்தான் நாவலே தொடங்குகிறது. இலங்கையின் நகரங்களைச் சுத்தம் செய்யவும் வெள்ளைக்காரர்கள் இங்கிருந்துதான் ஆட்களைக் கொண்டுபோனார்கள். தேயிலைக்குப் போனவர்களைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோம். வாளிக்குப் போனவர்களைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் எழுதியிருக்கிறோம்.

4

இப்போது கோட்டைப்பட்டினத்துக்கு வருவோம். பாக் நீரிணைக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர். விசைப்படகுத் தளம், ராவுத்தர் அப்பா தர்கா, மீன் ஏற்றும் லாரிகள், சிங்கப்பூர் மலேசியா வளைகுடா என்று பிள்ளைகளை அனுப்பிவிட்ட வீடுகள். பாதாளச் சாக்கடை கிடையாது. வெளிநாட்டுப் பணத்தில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளானபோது, கொல்லையில் இருந்த கக்கூசு வீட்டுக்குள் வந்தது; கூடவே மண்ணுக்கடியில் செப்டிக் டேங்கும் வந்தது. டைல்ஸ் எந்த நிறம் என்று ஒரு மாதம் யோசித்தவர்கள், நாலு அங்குலக் குழாய் எந்தச் சரிவில் போகிறது என்று ஒரு நிமிஷமும் கேட்டிருக்க மாட்டார்கள். அது கொத்தனார் பாடு. அடைத்துக்கொண்டால் ஆள் பாடு.

இந்த 'ஆள்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் போனால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுகிறோம். குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுகிறோம். கக்கூசு அடைத்துக்கொண்டால் மட்டும் "ஆளக் கூப்பிடு". அவருக்குத் தொழிற்பெயர் கிடையாது. பிளம்பரைக் கேட்டால், "அது நம்ம வேலை இல்லண்ணே, அதுக்கு ஆள் இருக்கு" என்பார். அதே குழாயைப் புதிதாகப் பதித்தவர் அவர்தான். பதித்து முடித்து ஒரு நாள் மலம் ஓடிவிட்டால் அந்தக் குழாய் வேறு சாதிக்குப் போய்விடுகிறது. பொருள் மாறவில்லை, அளவு மாறவில்லை, பசைகூட மாறவில்லை. தொடுகிற கை மாறுகிறது. வருகிற ஆள் பெரும்பாலும் அருந்ததியராக இருப்பார். கையில் ஒரு மூங்கில் பிளாச்சு, ஒரு வாளி. அவருக்கென்று எந்த வீட்டிலும் ஒரு ஸ்பிரிங் வாங்கி வைத்திருக்க மாட்டார்கள்.

எங்களைப் போன்ற முஸ்லிம் ஊர்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மார்க்கத்தில் தீட்டு என்று ஒன்று கிடையாது. நஜீஸ் உண்டு. நஜீஸ் என்பது அசுத்தம். துணியிலோ உடம்பிலோ பட்டால் தண்ணீரால் கழுவு, போய்விடும், தொழப் போகலாம். அது பொருளில் ஒட்டுகிற அசுத்தம், பிறப்பில் ஒட்டுவதல்ல. தீட்டு அப்படியில்லை. தலைமுறைக்கும் கழுவ முடியாதபடி ஒரு சாதியின் உடம்பிலேயே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் எங்கள் தெருவில் கக்கூசு அடைத்துக்கொண்டபோது ஏன் நாங்களும் ஆளைத் தேடினோம்? நஜீஸ் என்று ஓதிக்கொண்டே தீட்டைக் கடைப்பிடித்தோம் என்பதுதான் பதில். சமத்துவ மார்க்கம் என்று மேடையில் பேசுவது சுலபம். சேம்பர் மூடியைத் தூக்குகிற நேரத்தில் நாம் யார் என்று தெரிந்துபோகிறது.

சிங்கப்பூரில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த ஒரு மச்சானிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "அங்க ரூம்ல அடைச்சுக்கிட்டா யாரு வருவா? ரப்பர் கப்ப எடுத்து நாங்களே குத்திவிட்ருவோம். நாள்குறிச்சு முறை போட்டுக் கழுவுவோம்" என்றார். இங்கே? சிரித்தார். "இங்க செஞ்சா ஊரு என்ன சொல்லும்?" அதே கை, அதே ரப்பர் கப்பு. கடல் தாண்டினால் வேலையாக இருப்பது, கரை இறங்கியதும் சாதியாகிவிடுகிறது. இத்தனைக்கும் சிங்கப்பூரிலேயே மலவாளி முறை 1987-இல்தான் முற்றாக ஒழிந்தது. குழாயையும் எந்திரத்தையும் போட்டு ஒழித்தார்கள்.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த 3 தலித் இளைஞர்கள் மீதே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். மலத்தை அள்ளவைப்பதும், மலத்தால் அவமானப்படுத்துவதும் ஒரே அமைப்பின் இரண்டு கைகள் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

5

வேலையைப் பற்றிப் பேசுவோம். கருவியைப் பற்றிய கட்டுரையில் வேலை வராமல் போனால் அது இன்னொரு மேடைப்பேச்சாகிவிடும். எங்கள் வீட்டுக் குழாயையும், அக்கம்பக்கத்தில் கேட்டவர்கள் வீட்டுக் குழாயையும் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் தெரிய வேண்டியது அடைப்பு எங்கே என்பது. ஒரு கழிப்பறை மட்டும் நிற்கிறது, மற்றதெல்லாம் போகிறது என்றால் அடைப்பு அந்தப் பீங்கானின் வளைவில். ரப்பர் கப்பு போதும். எல்லாமே மெதுவாகிவிட்டால் பொதுக் குழாயில். வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் சேம்பர் இருக்கும். மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் காற்றோட விட்டு, எட்டி நின்று பாருங்கள். பக்கத்தில் பீடியோ விளக்கோ கூடாது. உள்ளிருக்கும் வாயு பற்றிக்கொள்ளும். சேம்பர் காய்ந்து கிடந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். சேம்பர் ததும்பி நின்றால் அடைப்பு டேங்குப் பக்கம், இல்லையென்றால் டேங்கே நிறைந்துவிட்டது.

எங்கள் பக்கத்து அடைப்புகளுக்கு ஊர்ச் சுவை உண்டு. சமையல்கட்டுக் குழாயில் மீன் செதிலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கட்டியாகும். கடற்கரை மணல் காலோடு வந்து தரைவழி இறங்கி, சரிவில்லாத குழாயின் அடியில் படியும். கொல்லையில் தென்னை நின்றால் குழாய் இணைப்பில் மயிரிழை இடைவெளி போதும், வேர் உள்ளே போய்த் தண்ணீரைக் குடித்துத் தலைமுடிக் கற்றை மாதிரி வளர்ந்துவிடும். அறுந்த நைலான் வலைத் துண்டுகூட ஒரு வீட்டில் வந்தது.

மூங்கில் பிளாச்சு வளைவில் ஒடியும். ஒடிந்த துண்டே அடுத்த அடைப்பாகும். கட்டுக்கம்பி பிளாஸ்டிக் குழாயின் முடக்கைக் கீறிவிடும். சுருள்கம்பிதான் சரி. அதைத் தள்ளக் கூடாது, சுற்றிக்கொண்டே விட வேண்டும். ஒரே திசையில் சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் சுருள் பிரிந்துகொள்ளும். எதிலாவது மாட்டியது என்று கைக்குத் தெரியும். மாட்டியதும் இழுக்க வேண்டும். தள்ளினால் அடைப்பு கெட்டியாகும். வேராக இருந்தால் முனையில் அலகு வேண்டும். முடிந்தவரை சேம்பரிலிருந்து வீட்டை நோக்கிப் போக வேண்டும். திறந்ததும் தண்ணீர் அடித்துக்கொண்டு வரும், தள்ளி நிற்க வேண்டும். கடைசியில் ஹோஸை விட்டு நன்றாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பிறகு சோப்பு. அவ்வளவுதான். ஒரு முற்பகல் வேலை.

ஐப்பசி கார்த்திகையில் எங்கள் மணல் ஊரில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். உறிஞ்சுகுழி உறிஞ்சாது, டேங்கிலிருந்து தண்ணீர் வெளியேறாது, குழாய் எதிர்க்கும். அதுவும் பார்வைக்கு அடைப்பு மாதிரியே இருக்கும். எந்தக் கம்பியை விட்டாலும் போகாது. அப்போது குறைவாகத் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பதும், மழைக்குப்பின் உறிஞ்சுகுழியைச் சரிசெய்வதும்தான் வழி. இது தெரியாமல்தான் பலர் மழைக்காலத்தில் ஆளைக் கூப்பிட்டு "உள்ள எறங்கிப் பாரு" என்கிறார்கள்.

ஆசிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் புட்டியாகக் கிடைக்கிறது, ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். தொட வேண்டாம், பார்க்க வேண்டாம் என்கிற அந்த வசதிதான் அதன் கவர்ச்சி. அடைப்பு கரையாவிட்டால் ஆசிட் குழாயில் அப்படியே நிற்கும். அடுத்து வருகிறவர் கைவிடும்போது அவர் தோல் வேகும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். டேங்கில் மலத்தைச் செரிக்கிற நுண்ணுயிர்களும் செத்துப்போகும். தீண்டாமைக்கு வேதியியல் வடிவம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

எல்லை எங்கே என்பதையும் சொல்லியாக வேண்டும். குழாய் வரைக்கும்தான் வீட்டுக்காரர் கருவி. டேங்குக்குள் யாரும் இறங்கக் கூடாது. வீட்டுக்காரரும் கூடாது, ஆளும் கூடாது, தலையை உள்ளே நீட்டுவதும் கூடாது. அங்கே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்து நாற்றமே தெரியாமல் பண்ணிவிடும். நாற்றம் இல்லை, பரவாயில்லை என்று நினைத்து இறங்குகிற இடத்தில்தான் மரணம். காற்றைவிடக் கனமானதால் அடியில் படுத்திருக்கும். முதலாமவர் சுருண்டதும் அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், பிறகு மூன்றாமவர். ஒரே குழியில் அண்ணனும் தம்பியும் செத்த செய்திகளைப் படித்திருக்கிறோம்.

6

1993-இல் கையால் மலமள்ளுவதைத் தடைசெய்து ஒரு சட்டம் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இரவு மலத்தை மனிதர் அகற்றும் கழிப்பறைகள் நாட்டில் 7,94,390 என்று அரசே எண்ணிச் சொன்னது. 2013-இல் இன்னொரு சட்டம். அதன் 7-ஆம் பிரிவின்படி எந்த நபரும், எந்த அமைப்பும் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆள் அமர்த்தக் கூடாது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 'எந்த நபரும்' என்பதில் வீட்டுக்காரரும் அடக்கம். இது நம் தெருக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் அதே சட்டத்தின் வரையறை, பாதுகாப்புக் கவசம் கொடுத்துவிட்டால் அது ஆபத்தான சுத்தம் ஆகாது என்று ஒரு சந்தைத் திறந்து வைத்திருக்கிறது. கவசம் போட்ட உடலும் கருவியாக நிறுத்தப்பட்ட உடல்தான்.

2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தேசியத் துப்புரவுத் தொழிலாளர் ஆணையத்தின் சாவுக் கணக்குகளில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது. பெரியார் மண் என்று சொல்லிக்கொள்கிற நாம் இந்த முதலிடத்தைப் பற்றி எந்த மேடையிலும் பேசுவதில்லை. 2020-இல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று பெயர் மாற்றியது. தோட்டி போய்த் துப்புரவு வந்து, துப்புரவு போய்த் தூய்மை வந்தது. பெயர் இரண்டு தடவை மாறியது, கையிலிருந்த பிளாச்சு மாறவில்லை.

எந்திரம் வந்தால் தீர்ந்துவிடுமா? 2018-இல் கேரளத்தில் சாக்கடைக்குழி சுத்தம் செய்ய 'பண்டிகூட்' என்ற ரோபோவை இறக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் கோட்டைப்பட்டினம் மாதிரி ஊர்களில் பாதாளச் சாக்கடையே இல்லை. செப்டிக் டேங்கும் லாரியும்தான். லாரி வந்து ஹோஸைப் போட்டு உறிஞ்சும். அடியில் இறுகிப்போன சகதி வராது. அப்போது வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல் கேட்கும்: "முழுசாத் தானே காசு குடுக்குறோம், கொஞ்சம் எறங்கித் தள்ளிவிடுப்பா." கொல்லுகிற வாக்கியம் அதுதான். எந்திரம் பக்கத்திலேயே நின்று உறுமிக்கொண்டிருக்கும்போதே மனிதரை இறக்குகிறோம். 2014-இல் தமிழக அரசு செப்டிக் டேங்கு கசடை எப்படி எடுப்பது, எங்கே கொண்டுபோய்ச் சுத்திகரிப்பது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. கிராம ஊராட்சிகளுக்கு அது முழுதாக வந்து சேர வேண்டும் என்பது அரசியல் கோரிக்கை; வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு தீர்க்க முடியாதது.

நாமே செய்துகொள்ளும் சாமான்களைச் சந்தை இன்று பெட்டி போட்டு விற்கிறது. அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொண்டால் போதும் என்கிற தனிமனிதக் கதையாக அதை விற்கிறது. இன்னொரு கேள்வியும் உண்டு: எல்லாரும் தானே செய்துகொண்டால் அந்த ஆள் பிழைப்புக்கு எங்கே போவார்? நண்பர்கள் சிலர் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஒருவர் பிழைப்புக்காக இன்னொருவர் மலக்குழிக்குள் நிற்க வேண்டும் என்பதை நியாயப்படுத்த இந்த அக்கறை உதவக் கூடாது. 2013 சட்டத்திலேயே மறுவாழ்வுக்கு இடமுண்டு. மாற்றுத்தொழில், கடன், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று எழுதியிருக்கிறது. எழுதியதைக் கேட்டு வாங்குவதற்கு நாம் கூடப்போக வேண்டும். அயோவாவில் எந்திரம் வாங்கிய வேலையில்லாதவர் தொழில் முனைவர் ஆனார். இங்கே அந்த எந்திரத்தின் உரிமை யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லாரியின் சொந்தக்காரர் ஒரு சாதி, ஹோஸைப் பிடிக்கிறவர் வேறு சாதி என்றால் எந்திரம் வந்தும் பயனில்லை.

ஊர் அளவில் செய்யக்கூடியவை சில உண்டு. கல்யாணத்துக்குத் தேக்சாவும் தட்டும் ஜமாஅத்தில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள்; கோயில் திருவிழாப் பாத்திரங்களும் அப்படித்தான் புழங்குகின்றன. அதே அறையில் 50 அடிச் சுருள்கம்பி இரண்டு, ரப்பர் கப்பு, கையுறைகள் வைத்தால் என்ன? புது வீடு கட்டுகிறவரிடம் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி சரிவு இருக்கிறதா, வளைவுகளில் திறப்பு வைத்தாயிற்றா, சேம்பர் மூடி கையால் தூக்கக்கூடியதா, டேங்கு மூடி லாரி ஹோஸ் எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று கேட்டால் என்ன? பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும், எந்தச் சாதியானாலும் மதமானாலும், ஒரு குழாயைத் திறந்து மூடக் கற்றுக்கொடுத்தால் என்ன? தலித் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவச் சொன்ன பள்ளிக்கூடங்களைப் பற்றிய செய்திகள் நமக்குத் தெரியும். அதற்கு நேர் எதிரானது நான் சொல்வது.

சாதி ஒழிப்பு சுருள்கம்பியால் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நிலம், கூலி, கோயில், திருமணம், அதிகாரம் என்று அது பற்றியிருக்கிற இடங்கள் பல. ஆனால் இந்த ஒரு இடத்தில் அது நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. போராட்டக் குழுவுக்கோ தீர்மானத்துக்கோ காத்திருக்காமல் நாளைக்கே கைவைக்கலாம். கூடவே, "எறங்கித் தள்ளிவிடுப்பா" என்று தெருவில் எவர் சொன்னாலும், அவர் நமக்கு உறவாக இருந்தாலும் தோழராக இருந்தாலும், அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும். தடுத்தும் கேட்கவில்லையென்றால் 7-ஆம் பிரிவைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு புகார் மனு எழுதத் தெரிந்தவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.